சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுபோகப்பட்டவர்கள்: அன்றைய சட்டப்படியே அது குற்றமா?

செந்தாழை, கோலாலம்பூர்:

அனைவருக்கும் வணக்கம். என் பாட்டியின் அண்ணன் 1943இல் சிலாங்கூரில் ஒரு ரப்பர் தோட்டத்திலிருந்து, சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ஜப்பானியப் படை போட்ட ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார். திரும்பி வரவே இல்லை. குடும்ப வரலாற்றை எழுதிவரும் நான், அவருக்கு நேர்ந்ததைப் போர்க்குற்றம் என்று எழுதியிருந்தேன். அதைப் படித்த உறவினர் ஒருவர் இரண்டு மறுப்புகளைச் சொன்னார். ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டின் பொதுமக்களைக் காக்கும் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை 1949இல்தான் வந்தது, ஆகவே ஜப்பான்காரன் காலத்தில் நடந்ததை அதைக் கொண்டு அளக்க முடியாது என்பது ஒன்று. நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்) கூலி என்ற பேச்சை நம்பிப் பலர் தாமாகவே பெயர் கொடுத்தார்கள், ஆகவே அதைக் கட்டாய உழைப்பு என்று சொல்ல இயலாது என்பது மற்றொன்று. இவற்றுக்கு நான் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். சட்டமும் அக்கால நிலவரமும் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

கடலோரன், பினாங்கு:

உங்கள் உறவினர் சொன்ன ஆண்டு சரிதான், அதிலிருந்து அவர் எடுத்த முடிவு தவறு. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையோடு இணைந்த தரைப்போர் விதிகளை ஜப்பான் 1911இல் ஏற்று உறுதி செய்திருந்தது. ஒரு நிலப்பரப்பு பகைப்படையின் அதிகாரத்துக்குள் உண்மையில் வந்துவிட்டால் அங்கே அந்த விதிகள் செயல்படத் தொடங்கும் என்பதால், 1941 டிசம்பர் 19இல் பினாங்குக்குள்ளும் 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூருக்குள்ளும் நுழைந்த படை அவற்றுக்குக் கட்டுப்பட்டதாகவே இருந்தது. 46ஆவது விதி மக்களின் உயிரையும் குடும்ப மானத்தையும் மதிக்கச் சொல்கிறது. 52ஆவது விதிதான் நமக்கு முக்கியம். உள்ளூர் மக்களிடம் வேலை வாங்குவதானால், அது அங்கே நிலைகொண்டுள்ள படையின் தேவைக்காக மட்டுமே இருக்க வேண்டும். நாட்டின் வளத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். சொந்த நாட்டுக்கு எதிரான போர் நடவடிக்கையில் அவர்களைப் பங்குபெறச் செய்யும் தன்மையுடையதாக இருக்கவே கூடாது.

இந்த அளவுகோலைச் சயாம் பாதையின்மீது வைத்துப் பாருங்கள். சயாமின் நோங் பிளாடுக்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதை, நேச நாட்டு நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு அஞ்சிக் கடல்வழியைத் தவிர்த்து, பர்மாவில் போரிட்ட படைக்குத் தளவாடங்கள் அனுப்புவதற்காகப் போடப்பட்டது. மலாயாவில் இருந்த படையின் தேவைக்கும் அதற்கும் தொடர்பில்லை. தோட்டத்து மக்களை எல்லை கடந்து வேற்று நாட்டுக் காட்டுக்குக் கொண்டுபோக அந்த விதியில் இடமே இல்லை.

இன்னொன்றையும் சேர்த்து எழுதுங்கள். இந்த ஹேக் விதிகள் 1939க்குள்ளாகவே நாகரிக நாடுகள் அனைத்தும் ஏற்ற வழக்காற்றுச் சட்டமாகிவிட்டன என்று நாஜி ஜெர்மனியின் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் தீர்ப்பாயம் 1946இல் கூறியது. ஆக்கிரமித்த நாடுகளிலிருந்து ஜெர்மனிக்குத் தொழிலாளர்களைக் கொண்டுவந்த திட்டத்தை நடத்திய ஃபிரிட்ஸ் சவுக்கல் அதே ஆண்டு தூக்கிலிடப்பட்டார். ஐரோப்பியத் தொழிலாளிக்கு இழைத்தபோது குற்றமாக இருந்த செயல் ஆசியத் தொழிலாளிக்கு இழைக்கப்பட்டபோது வேறொன்றாக மாறிவிட முடியாது. இதை நான் மிகுந்த வேதனையோடுதான் எழுதுகிறேன்.

நாணல், பட்டர்வொர்த்:

இரண்டாவது மறுப்புக்கு என் பதில். முதலில் சென்றவர்களில் சிலர் பெயர் கொடுத்துத்தான் சென்றார்கள் என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் எந்த நிலையில் கொடுத்தார்கள்? ரப்பர் ஏற்றுமதி நின்றதால் தோட்டங்களில் வேலை இல்லை. அரிசி கிடைக்காமல் மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் தரித்தார்கள். மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம் என்று சொல்லப்பட்டது. போனவர்களிடமிருந்து சேதி எதுவும் வராமல் போகவே, தாமாக முன்வருவோர் குறைந்தார்கள். அதன்பின் தோட்டத்துக்கு இத்தனை பேர் என்று கணக்குக் கேட்கப்பட்டது. பெரட்டில் (தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் இடத்தில்) நின்றவர்களையும் சாலையில் நடந்தவர்களையும் லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் என்று கொட்டகைக்குள் வரவழைத்துக் கதவைச் சாத்திப் பிடித்துக்கொண்டு போனதாகவும் முதியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

மேலும், ஏறும்போது ஒருவர் இசைந்தார் என்றே வைத்துக்கொண்டாலும், மூன்று மாதம் முடிந்தபின் அவரைத் திரும்ப விடாமல் வைத்திருந்ததற்கு அந்த இசைவு எப்படிப் பொருந்தும்? 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா பரவியபோது, போர்க்கைதிகளுக்காவது அவர்களுடைய படை மருத்துவர்கள் உடன் இருந்தார்கள். நம்மவர்களுக்குப் பெரும்பாலும் அதுவும் இல்லை. மதிப்பீடுகள் வேறுபடுகின்றன, பொதுவாகச் சொல்லப்படும் கணக்கின்படி, ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகளில் 12,000க்கும் மேற்பட்டோரும், அவர்களைவிடப் பல மடங்கு அதிகமாக இருந்த ஆசியத் தொழிலாளர்களில் சுமார் 90,000 பேரும் இறந்தார்கள்.

கங்காணிகளும் (தொழிலாளர்களை மேற்பார்த்தவர்கள்) கிராணிகளும் (தோட்ட எழுத்தர்கள்) பெயர்ப்பட்டியல் கொடுத்ததையும் நீங்கள் விடாமல் எழுத வேண்டும் என்பது என் கருத்து. நம்மவர் என்பதற்காக அதை விட்டுவிட்டால் வரலாறு அரைகுறையாகிவிடும்.

கடலோரன், பினாங்கு:

நாணல் அவர்கள் சொல்வதை ஏற்கிறேன், ஒரு திருத்தத்தோடு. பட்டியல் கொடுக்க மறுத்த கங்காணிக்கு என்ன நேரும் என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அவர்களில் லாபம் பார்த்தவரையும் அஞ்சி அடங்கியவரையும் ஒரே வரியில் சேர்த்து எழுதுவது நியாயமாகாது.

மாறன், செந்தூல்:

இழப்பீடு பற்றியும் உங்கள் உறவினர் கேட்கக்கூடும். 1951இன் சான் பிரான்சிஸ்கோ சமாதான உடன்படிக்கையின் 16ஆவது பிரிவு, போர்க்கைதிகளாக இருந்த நேச நாட்டுப் படையினருக்கு மட்டும் செஞ்சிலுவைச் சங்கத்தின் வழியாக உதவிக்கு ஏற்பாடு செய்தது. மலாயாவுக்காகக் கையொப்பமிட்டது பிரிட்டன். தோட்டத் தொழிலாளி அந்தப் பிரிவுக்குள் வரவில்லை. பின்னர் 1967இல் மலேசியாவும் ஜப்பானும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 25 மில்லியன் வெள்ளி மதிப்புக்குள் ஜப்பான் பொருள்களும் சேவைகளும் வழங்குவது என்றும், போர்க்காலச் சம்பவங்கள் குறித்த பிரச்சினைகள் யாவும் அத்துடன் முற்றாகத் தீர்ந்தன என்றும் முடிவாயிற்று. இரண்டு சரக்குக் கப்பல்கள் வந்தன. சயாமிலிருந்து திரும்பாதவர்களின் குடும்பங்களுக்கு அதில் ஒரு காசும் தனியாக ஒதுக்கப்படவில்லை. குற்றமே நடக்கவில்லை என்பதற்கு அந்த ஒப்பந்தம் சான்றாகாது. அரசுகள் தங்களுக்குள் கணக்கை முடித்துக்கொண்டன, அவ்வளவே. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 படையினர் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள், பெரும்பாலோருக்குப் பெயர் பொறித்த கல் உண்டு. நம்மவர்களுக்கு அப்படி ஒரு வரிசை எங்கும் இல்லை.

செந்தாழை, கோலாலம்பூர்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 52ஆவது விதியையும் நியூரம்பர்க் தீர்ப்பையும் முன்வைத்தே பதிலை எழுதுகிறேன். கங்காணிகளைப் பற்றிய பகுதியை இருவர் சொன்னதையும் கருதித் தனியாக எழுதுகிறேன். போருக்கு முந்தைய பெரட்டுப் புத்தகங்களோ கூலிக் கணக்கேடுகளோ, குறிப்பாகச் சிலாங்கூர்த் தோட்டங்களுக்குரியவை, யாரிடமாவது இருந்தால் அல்லது எங்கேனும் பார்த்திருந்தால் இங்கே தெரிவியுங்கள். என் பாட்டியின் அண்ணனுடைய பெயர் அதில் பதிவாகியிருக்க வேண்டும்.