ஓடிபி வராமலே போன பணம்

போன வருடம் ஒரு ராத்திரி, என் கிரெடிட் கார்டில் டாலர் கணக்கில் ஒரு தொகை கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்தது. ஓடிபி எதுவும் வரவில்லை. அது இல்லாமல் எப்படிப் போகும் என்று வீட்டில் எல்லோரும் கேட்டார்கள். போகும். நம் நாட்டுத் தளங்களுக்குத்தான் ரிசர்வ் வங்கி 2009 முதல் ஓடிபி போன்ற கூடுதல் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கியது. வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் கார்டு எண்ணும் காலாவதித் தேதியும் கார்டிலேயே அச்சிட்டிருக்கும் சிவிவி என்ற ரகசிய எண்ணும் தெரிந்தால் போதும்.

உடனே ஆப்பில் கார்டை முடக்கிவிட்டு வங்கிக்குப் போன் செய்தேன். பேசியவர், "நீங்கதான் சார் யார்கிட்டயாவது ஓடிபி சொல்லியிருப்பீங்க" என்றார். வராத ஓடிபியை எப்படிச் சொல்வது? கோபம் வந்தாலும் புகார் எண்ணை வாங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் மின்னஞ்சலிலும் எழுதி அனுப்பினேன்.

அதில் ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையைக் குறிப்பிட்டேன். தவறு நம்முடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், தகவல் வந்த 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கு நஷ்டப் பொறுப்பு கிடையாது. 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும். தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான். இதை எழுதிய பிறகு அவர்கள் பேச்சே மாறிவிட்டது. பணமும் திரும்ப வந்தது.

மறுமொழி: என் மாமனாருக்கு நடந்தது வேறு மாதிரி. ரிவார்டு பாயிண்ட் காலாவதியாகப் போகிறது என்று ஒருவன் போனில் பேசியே ஓடிபியை வாங்கிவிட்டான். அப்படி நாமே சொல்லிவிட்டால், புகார் கொடுக்கும்வரை போனது நம் தலையில்தான். நல்லவேளை, மைத்துனர் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்ததால் ஒரு பகுதியை நிறுத்த முடிந்தது. அப்புறம், தளங்களில் கார்டைச் சேமித்து வைக்கலாமா?

மறுமொழி: இந்தியத் தளங்கள் என்றால் எனக்குப் பெரிய பயமில்லை. 2022 அக்டோபரிலிருந்து கடைக்காரர்கள் கார்டு எண்ணை வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்குப் பதிலாகத் தரப்படும் டோக்கன் என்ற மாற்று எண் மட்டும்தான். நான் மாற்றிக்கொண்டது வேறு. வங்கி ஆப்பில் வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் தனி சுவிட்ச் இருக்கிறது. தேவைப்படும்போது மட்டும் திறப்பேன், வேலை முடிந்ததும் மூடிவிடுவேன். மாமனார் கார்டிலும் இன்றே பார்த்துவிடுங்கள். பழைய கார்டுகளில் அது திறந்தே இருக்க வாய்ப்புண்டு.