மெட்டல் டிடெக்டர்ல சத்தம் கணீர்னு வருது, தோண்டினா ஒண்ணும் இல்லை – அவசரம்

ஓட்டைக்காசு:
வணக்கம். மெஷின் வாங்கி மூணு வாரம் ஆச்சு. நேத்து பழைய வீடு இடிச்ச மனையில (நிலத்துக்காரரைக் கேட்டுட்டுத்தான் இறங்கினேன்) ஏழு இடத்துல நல்ல கணீர் சத்தம். திரையில, என்ன உலோகம்னு சொல்ற எண் 80க்கு மேல காட்டுது. தோண்ட ஆரம்பிச்சதும் சத்தம் நின்னுடுது. குழியிலயும் இல்லை, வெட்டிப் போட்ட மண்ணுலயும் இல்லை. மெஷின் பழுதா? நாளைக்குக் காலையில மறுபடி போறேன், சீக்கிரம் சொல்லுங்க.

காயில்காரன்:
என்ன காயில் (தரைக்கு மேல வீசற வட்டு), எத்தனை அங்குலம்? சென்சிட்டிவிட்டி (உணர்திறன்) எவ்வளவு? கிரவுண்ட் பேலன்ஸ், அதாவது அந்த மண்ணுக்கு ஏத்தபடி மெஷினைச் சரிபண்றது, பண்ணீங்களா? 80ங்கிறது எந்தக் கணக்குல? ஒரு மெஷின் 99 வரைக்கும் காட்டும், இன்னொண்ணு 40லயே முடிஞ்சிடும். வெறும் "மெஷின்"னா தையல் மெஷினும் மெஷின்தான்.

கம்பிமேல்குருவி:
மேல மின்கம்பி போகுதா? பையில போன் இருந்துச்சா? எனக்கு எப்பவும் இதுதான் பிரச்சினை. காயிலை அசைக்காம அந்தரத்துல பிடிச்சுப் பாருங்க. அப்பவும் பொரிஞ்சுக்கிட்டே இருந்தா அது மண்ணுக்குள்ள இருக்கற சாமான் இல்லை, காத்துல வர்ற இடைஞ்சல். போனை ஏரோபிளேன் மோடுல போட்டுட்டு, மெஷின்ல அதிர்வெண்ணை ஒரு தட்டு மாத்துங்க.

காயில்காரன்:
குருவி, மின்கம்பி இடைஞ்சல்னா நிலம் பூரா பொரியும். ஒரே இடத்துல திரும்பத் திரும்பக் கேக்காது. அவர் "இடம்"னு சொல்றாரு, படிங்க.

கம்பிமேல்குருவி:
அவர் திரும்பத் திரும்பன்னு எங்க சொன்னார்? நீங்களா சேர்த்துக்கிட்டீங்க.

மூத்த மண்வெட்டி:
வாரம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார். மெஷினோடு ஒரு கையேடும் பெட்டிக்குள் வந்திருக்கும்; அதைப் பிரித்துப் பார்த்தால் பாவம் ஒன்றும் வந்துவிடாது. நான் தோண்ட ஆரம்பித்த காலத்தில் திரையும் கிடையாது, எண்ணும் கிடையாது, காதுதான். இப்போது எல்லோரும் எண்ணைப் பார்த்துத் தோண்டுகிறார்கள், பிறகு மெஷின் பழுது என்கிறார்கள். சென்சிட்டிவிட்டியைக் குறைக்கவும். அவ்வளவுதான்.

துருக்கை:
ஐயா, சென்சிட்டிவிட்டியைக் குறைச்சா அந்த சத்தம் வராமப் போகும், வாஸ்தவம். ஆனா அது என்னன்னு தெரியாமலே போயிடுமே.

ஓட்டைக்காசு தம்பி, நீங்க முக்கியமான ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டீங்க. டிஸ்கிரிமினேஷன் போட்டிருந்தீங்களா? அதாவது இரும்புக்கு வாயடைச்சு வச்சிருந்தீங்களா? இடிச்ச வீடுன்னா மண்ணுல பாதி ஆணிதான். துருப்பிடிச்ச ஆணி ஒரு கோணத்துல கிடந்தா வெள்ளிக்காசு மாதிரியே கணீர்னு கத்தும். வளைஞ்ச ஆணி, இரும்பு வளையம், பட்டைத் தகடு இதெல்லாம் இன்னும் மோசம். மண்வெட்டி பட்டதும் ஆணி புரண்டு படுக்கும். இப்ப அது இரும்பு மாதிரியே தெரியும். நீங்க இரும்புக்கு வாயடைச்சிருக்கறதால மெஷின் கம்முன்னு ஆயிடும். குழி காலின்னு நீங்க நினைப்பீங்க. நிஜத்துல ஆணி மண் குவியல்லதான் கிடக்கும்.

இன்னொண்ணும் உண்டு. வருஷக்கணக்கா துரு கசிஞ்சு ஆணியைச் சுத்தி இருக்கற மண்ணுலயும் ஏறியிருக்கும். மண்ணைக் கிளறிட்டா அதுவும் கலைஞ்சுடும்.

சோதிக்கறது சுலபம். சத்தம் வந்த இடத்துல நின்னு, 90 டிகிரி திரும்பி மறுபடி வீசுங்க. காசு வட்டம், எந்தப் பக்கம் வந்தாலும் ஏறக்குறைய ஒரே சத்தம்தான் கொடுக்கும். ஆணின்னா ஒரு பக்கம் கணீர், மறுபக்கம் உடைஞ்ச சத்தம், இல்லைன்னா ஒண்ணுமே இருக்காது.

பித்தளை:
எனக்கென்னவோ குழியே தப்பான இடத்துலன்னு தோணுது. டி.டி. காயில்ல (உள்ளே ரெண்டு D வடிவச் சுருள்) நடுக்கோடு நெடுக்க ஓடும், சத்தம் வர்ற இடத்துக்கும் சாமான் இருக்கற இடத்துக்கும் ஒரு சாண் தள்ளிப் போகும். சாமான் இருக்கற சரியான புள்ளியைக் காட்டற பின்பாயிண்ட் பட்டனை அழுத்திப் பாத்தீங்களா?

ஓட்டைக்காசு:
11 அங்குல டி.டி. இரும்பு அடைச்சுத்தான் வச்சிருந்தேன். போன் பையில இருந்துச்சு.

கம்பிமேல்குருவி:
பாத்தீங்களா, போன்!

1881லயே இதுதான் நடந்துச்சு. அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்ட் உடம்புல பாஞ்ச குண்டைத் தேட கிரகாம் பெல்லே ஒரு கருவி செஞ்சு எடுத்துட்டுப் போனார். கார்ஃபீல்ட் படுத்திருந்த மெத்தைக்கு அடியில எஃகுக் கம்பி. கருவி குழம்பிடுச்சு. முதல்ல பக்கத்துல என்ன இரும்பு இருக்குன்னு பாக்கணும்.

மூத்த மண்வெட்டி:
அரைகுறையாகச் சொல்லாதீர்கள். குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று மருத்துவர் பிளிஸ் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பக்கத்தை மட்டுமே தேட விட்டார். இறந்தபின் அறுத்துப் பார்த்தபோது இடப்பக்கம் இருந்தது. கம்பியின் மேல் பழி போடுவது வசதி.

கம்பிமேல்குருவி:
கம்பி இல்லைன்னு சொல்றீங்களா?

மூத்த மண்வெட்டி:
தேடாத பக்கத்தில் எந்தக் கருவியும் எதையும் காட்டாது என்கிறேன்.

பித்தளை:
ரெண்டு பேரும் 1881லேர்ந்து இறங்கி வாங்க. காலையில அவர் கிளம்பணும்.

துருக்கை:
மண்வெட்டி ஐயா சொன்னது இங்கேயும் பொருந்துதே! எல்லாரும் குழியையே பாக்கறோம். தம்பி, மண் குவியல் மேல டிஸ்கிரிமினேஷனை எடுத்துட்டு வீசுங்க, அப்ப எல்லா உலோகமும் கத்தும். இல்லைன்னா பின்பாயிண்ட் பட்டனை அழுத்திக்கிட்டு வீசுங்க, அதுக்கு இரும்பு, பித்தளைன்னு பேதமே கிடையாது.

ஆணி இருக்குன்னு அந்த மனையை விட்டுடாதீங்க. ஆணிக்குப் பக்கத்துல காசு கிடந்தா, ஆணி அதை மறைச்சுடும். 11 அங்குலம் ஒரே நேரத்துல நாலஞ்சு ஆணியை மூடி நிக்குது. சின்னக் காயில் கிடைச்சா மாட்டுங்க, இல்லைன்னா வீச்சையாவது நிதானமாக்குங்க. வாசல்படி இருந்த இடம், கிணத்தடி, மரத்தடி இங்கெல்லாம் முதல்ல பாருங்க. நாலு பேர் நின்னு பேசின இடத்துலதான் காசு விழுந்திருக்கும்.

காயில்காரன்:
கிரவுண்ட் பேலன்ஸுக்கு இன்னும் பதில் வரலை. பரவாயில்லை. தோண்டின குழியை மூடிட்டு வாங்க, நிலத்துக்காரர் ரெண்டாவது தடவை விடணும்ல. அந்த மனை பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்தை ஒட்டி இல்லையே? அப்படி இருந்தா மெஷினை வெளியிலயே எடுக்காதீங்க, பல நாட்டுல அது குற்றம்.

ஓட்டைக்காசு:
ஆணிதான். பழைய மண் குவியல்லயே அஞ்சு கிடைச்சுது. திரும்பி வீசின வித்தை நல்லா வேலை செய்யுது. வாசல்படி இருந்த இடத்துல ஒரு உலோக பட்டன், பின்பக்கம் வளையம், சுத்தி ஏதோ எழுத்து. பூரா பச்சையா இருந்துச்சு, வினிகர்ல ஊறப் போட்டிருக்கேன். எல்லாருக்கும் நன்றி.

துருக்கை:
ஐயோ, உடனே எடுங்க! வினிகர் அமிலம். பச்சையோட மேல இருக்கற முலாமும் போயிடும். அந்த எழுத்தை வச்சுத்தான் யார் செஞ்சது, எந்தக் காலம்னே சொல்ல முடியும். அது தேஞ்சுட்டா வெறும் தகடு. வாலைவடிநீர்ல கழுவி, ஒத்தி எடுத்து, நிழல்ல காய வைங்க. தேய்க்காதீங்க.

பித்தளை:
பச்சைலயும் ரெண்டு வகை இருக்கு. வழுவழுன்னு ஒட்டியிருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டும், அதுதான் உலோகத்துக்குக் கவசம். வெளிறின பச்சையா, தொட்டா மாவா உதிர்ந்தா குளோரைடு அரிப்பு. அதைத் தனியா, ஈரம் படாம வைக்கணும். உங்களுது எது?

மூத்த மண்வெட்டி:
கையேட்டில் இதுவும் இருந்திருக்கும்.

காயில்காரன்:
எடுத்துட்டீங்களா?

துருக்கை:
ரெண்டு நாளாச்சு. தம்பி, பட்டனை எடுத்துட்டீங்களா இல்லையா?