மோட்டார் போட்டால் பக்கத்து வீட்டுக் குழாயில் உப்புத் தண்ணீர்

மண்டைக்காட்டு மருமகள்:
எங்கள் வீடு மண்டைக்காட்டுப் பக்கம், கடல் கூப்பிடு தூரம். கிணற்றுத் தண்ணீர் கரிக்கும். துவைக்க, தென்னைக்கு விட மட்டும் ஆகும். பொதுக்குழாய் காலையில் கொஞ்ச நேரம் வரும். மூன்று வருடத்துக்கு முன்பு வந்த பிளம்பர் இரண்டு லைனையும் டீ (T வடிவ இணைப்புத் துண்டு) போட்டு இணைத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு கேட் வால்வு (திருகி மூடும் அடைப்பான்) வைத்தார். மோட்டார் போடும்போது குழாய்ப் பக்க வால்வை மூடினால் போதும் என்றார். வசதியாகத்தான் இருந்தது.

இந்த மாசிக் கொடைத் திருவிழாவுக்கு வீடு நிறைய ஆள், மோட்டார் ஓய்வே இல்லை. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு மாமி வந்தார். "மக்ளே, எங்க பைப்பு தண்ணில சாயா போட்டா கரிக்கு. ஒங்க மோட்டார் நின்னா சரியாவுது." வால்வை இறுக்கித்தான் மூடியிருந்தேன். தண்ணீரை ஒரு பக்கமாக மட்டும் விடும் நான்-ரிட்டர்ன் வால்வு ஒன்று வைத்தால் தீருமா?

தக்கலை பிளம்பர்:
தீராது தங்கச்சி. கேட் வால்வு உட்காரும் இடத்தில் மணல் சேர்ந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். தெருக் குழாயில் தண்ணீர் நின்ற நேரம் அழுத்தமே இருக்காது. உங்கள் மோட்டார் தள்ளுவது நேரே மாமி வீட்டுக்குப் போகும். நான்-ரிட்டர்ன் வால்வும் ஒரு மூடிதானே, அடியில் ஒரு பரல் சிக்கினால் மூடாது. குடிதண்ணீருக்கு அதை மட்டும் நம்பக் கூடாது.

லைனை வெட்டி இரண்டு பக்கமும் எண்ட் கேப் (முனை மூடி) போடுங்கள். குழாய்த் தண்ணீருக்குத் தனி டேங்க். அதில் விழுகிற பைப்பின் வாய், தண்ணீர் எவ்வளவு உயரம் ஏறினாலும் அதற்கு மேலே நிற்க வேண்டும்: பைப் அகலத்தைப் போல இரண்டு மடங்கு, எப்படியும் 1 அங்குலத்துக்குக் குறையாமல். இடையில் இருப்பது காற்று, பழுதாகாது. சம்புக்குள் பைப்பை முக்கி வைக்கும் வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்; அழுத்தம் விழுந்தால் குழாய் அந்தத் தண்ணீரைத் திரும்ப உறிஞ்சிவிடும். உரம் கலக்கிய வாளியில் ஹோஸை முக்குவதும் அதே கதைதான். உண்மையைச் சொன்னால், தொழிலுக்கு வந்த புதிதில் நானும் நாலைந்து வீட்டுக்கு இந்த டீயை வைத்துக் கொடுத்தவன்.

உப்பு இருந்ததால் மாமிக்குத் தெரிந்தது. கிணறு இனிப்பாக இருந்து, பக்கத்தில் கக்கூஸ் குழியும் இருந்தால்?

இரணியல் வாத்தியார்:
1969இல் அமெரிக்காவில் ஹோலி கிராஸ் கல்லூரி (நாகர்கோவிலில் இருப்பது இல்லை, மாசசூசெட்ஸில் உள்ளது) அமெரிக்கன் ஃபுட்பால் அணியில் 97 பேரில் 90 பேருக்கு மஞ்சள் காமாலைக் கிருமி தொற்றியது. பக்கத்தில் தீயணைக்கத் தண்ணீரை இழுத்ததில் குழாயின் அழுத்தம் விழுந்தது. மைதானத்தில் தரைக்கடியில் இருந்த தெளிப்பான் குழியில் தேங்கிய தண்ணீரைக் குழாய் உறிஞ்சிக்கொண்டது. அங்கே விளையாடிய பிள்ளைகளுக்குக் காமாலை இருந்ததாம். அணி 2 ஆட்டத்தோடு அந்த வருடத்தை முடித்துக்கொண்டது.

மண்டைக்காட்டு மருமகள்:
வெட்டியாச்சு அண்ணே. டேங்கைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டு ஊறவைத்து, எல்லாக் குழாயையும் திறந்து ஓடவிட்டோம். இரண்டாவது டேங்குக்கு வீட்டுக்காரர் முணுமுணுத்தார், வாத்தியார் எழுதியதைக் காட்டினேன். மாமி இன்னும் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்த்த பிறகுதான் சாயாவுக்கு அடுப்பில் வைக்கிறார்.