புதுப்பிப்பு: டி-செல் லிம்ஃபோமா, அந்த 32% யாருக்கு?

டி-செல் லிம்ஃபோமா என்பது டி-செல் என்ற வெள்ளணுவில் தொடங்கும் புற்றுநோய். அதன் சில வகைகளில் 5 ஆண்டு கழித்தும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று போன பதிவில் போட்ட கணக்கு: ஏஎல்கே (புற்றணுவில் தேடப்படும் ஒரு புரதம்) பாசிட்டிவ் அனாபிளாஸ்டிக் வகைக்கு 70%, ஏஎல்கே நெகட்டிவுக்கு 49%, ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக்குக்கு 32%. கீழே வந்த கேள்வி: "நோய் கண்டுபிடித்து 2 வருடம் நல்லபடியாகப் போய்விட்டது. இப்பவும் 32தானா?"

இல்லை. அது நோய் கண்டுபிடித்த நாளிலிருந்து எண்ணியது; முதல் சில மாதங்களிலேயே இறந்தவர்களும் அதில் அடக்கம். 2017இல் வெளியான அமெரிக்க, ஸ்வீடன், கனடா நோயாளிகளின் ஆய்வில், 24 மாதம் நோய் திரும்பாமல் கடந்தவர்களில் 78% பேர் அங்கிருந்து மேலும் 5 ஆண்டு உயிரோடு இருந்தார்கள். அதற்குள் நோய் திரும்பியவர்கள், அல்லது முதல் சிகிச்சைக்கே மசியாதவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் அதற்குள் இறந்துவிடும் காலம்) அங்கிருந்து வெறும் 4.9 மாதம். இவ்வளவு பெரிய இடைவெளியை வேறெந்தக் குறியீடும் காட்டுவதில்லை என்பது என் கருத்து.

அந்த 32% சாப் என்ற பழைய கீமோ மருந்துக் கூட்டின் காலத்து எண் என்பதும் நினைவிருக்கட்டும். சிடி30 (புற்றணுவின் மேல் இருக்கும் ஒரு புரதம்) பாசிட்டிவ் நோயாளிகள் 452 பேரிடம் நடந்த எக்கலான்-2 ஆய்வில், சாப்பில் உள்ள வின்கிரிஸ்டினுக்குப் பதில் சிடி30ஐக் குறிவைக்கும் பிரென்டுக்சிமாப் மருந்தைச் சேர்த்தபோது 5 ஆண்டு உயிர்வாழ்வு 61இலிருந்து 70% ஆனது. ஆனால் அவர்களில் 70% பேருக்கு இருந்தது அனாபிளாஸ்டிக். மற்ற வகையினர் இதை அப்படியே தங்களுக்கு எடுத்துக்கொள்ள முடியாது. பயாப்சி ரிப்போர்ட்டில் சிடி30 'பாசிட்டிவ்' என்று மட்டும் இருந்தால் எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். அந்த ஆய்வில் சேர்க்க, புற்றணுக்களில் குறைந்தது 10% சிடி30 காட்ட வேண்டியிருந்தது.

இந்த நோயில் பார்க்கும் ரத்தப் பரிசோதனைகளில் ஒன்றான எல்டிஹெச் (செல்கள் சிதையும்போது ரத்தத்தில் ஏறும் நொதி) கூடியிருந்தால் உடனே பதற வேண்டாம். ரத்தம் எடுக்கும்போது சிவப்பணு உடைந்தாலும் அது ஏறும்; ரிப்போர்ட்டில் மாதிரி 'ஹீமோலைஸ்டு' (சிவப்பணு உடைந்தது) என்றிருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.