காத்து வாரம்: 3, 4 வயசு பிள்ளைங்களுக்கு என்ன செய்ய வைக்கலாம்? நனையாம இருக்கணும்!

மஞ்சூர்_மிஸ்
எல்லாருக்கும் வணக்கம். மஞ்சூர் பக்கம் ஒரு சின்ன ப்ளேஸ்கூல்ல மிஸ்ஸா இருக்கேன், 14 பிள்ளைங்க, எல்லாம் மூணுல இருந்து நாலரை வயசு. ஜூலைல ஒரு வாரம் முழுக்க 'காத்து'ன்னு தலைப்பு போட்டிருக்கோம், வெளிய அது பாட்டுக்கு ஊளையிட்டுட்டு தானே இருக்கு பொருத்தமா இருக்கும்னு நெனச்சேன். ஆனா போன வருஷ கதை கேளுங்க. கலர் பேப்பர்ல காத்தாடி பண்ணி எல்லாத்தையும் வரிசையா வெளிய கூட்டிட்டுப் போனேன், ரெண்டு நிமிஷம் கூட சுத்தல, மூடுபனில பேப்பர் ஊறி தொங்கிப் போச்சு, சாயம் கரைஞ்சு கையெல்லாம் ரோஸ் கலர். ஒரு வாண்டு "மிஸ், என் காத்தாடி அழுவுது"ங்குறான். அதோட ஒரு குண்டூசி கீழ விழுந்து காணோம், நானும் ஆயாவும் முட்டி போட்டு அரைமணி நேரம் தேடினோம். யூட்யூப்ல பாத்தா எல்லாம் பிளாஸ்டிக் ஸ்ட்ரா, கேரி பேக்னு தான் காட்டுறாங்க, நம்ம நீலகிரி மாவட்டத்துல பிளாஸ்டிக்குக்கு தடை, அதுக்கு எங்க போறது. குத்தாம, நனையாம ஏதாவது இருந்தா சொல்லுங்களேன், செலவும் அதிகம் இல்லாம.

கூடலூர்_அம்மா
மிஸ், உங்க வீட்டு கதவுக்குப் பின்னாடி உடைஞ்ச குடை எத்தனை இருக்கு? எங்க வீட்ல நாலு. ஜூன் மாசம் ஆரம்பிச்சா இங்க குடை திரும்பி கம்பி முறியாத வீடே இல்ல, தூக்கிப் போடவும் மனசு வராது. அந்தத் துணிய எடுங்க! மழைக்குன்னே நெய்ஞ்ச துணி, ஊறாது, சாயம் போகாது. சாதாரணமா ஒரு குடைக்கு எட்டு கம்பி, அப்போ எட்டு முக்கோணத் துண்டு வரும், ரெண்டு குடை பிரிச்சா 16, உங்க 14 பிள்ளைக்கும் போக ரெண்டு மிச்சம். தையல பிளேடால பிரிச்சு ஒவ்வொரு துண்டையும் நீள நீளமா நாலஞ்சு பட்டையா வெட்டிக்கோங்க, ஓரத்துல நூல் பிரியும், மெழுகுவத்தில லேசா காட்டினா ஒட்டிக்கும், அத மட்டும் வீட்லயே முடிச்சுட்டு போயிடுங்க. பழைய வளையல் ஆளுக்கு ஒண்ணு குடுங்க, கண்ணாடி வேணாம், உலோகமோ மரமோ. பட்டைய மடிச்சு வளையலுக்குள்ள விட்டு, அந்த மடிப்புக்குள்ள நுனிய கோத்து இழுத்தா முடிச்சு விழுந்துடும், நாலு வயசு பிள்ளை அதுவே செய்யும், மூணு வயசுக்கு நீங்க மடிச்சுக் குடுத்தா இழுக்க மட்டும் தெரியும், அது போதும். கைல பிடிச்சுட்டு ஓடினா படபடன்னு அடிக்கும் பாருங்க, சத்தத்துக்கே சிரிக்கும். பட்டை ஒரு சாணுக்கு மேல வேண்டாம், கழுத்துல சுத்திக்கும். குடைக்கம்பிய பிள்ளைங்க கண்ணுலயே காட்டாதீங்க.

குன்னூர்_அப்பா
குடை ஐடியா சூப்பர் அக்கா, ஆனா காத்தாடி இல்லாம காத்து வாரமா? (சென்னைல என் மச்சான்கிட்ட காத்தாடின்னா அவன் பட்டத்த சொல்லுவான், நான் சொல்றது சுத்துறது.) மிஸ், கலர் பேப்பர விட்டுட்டு மாசக் காலண்டரோட வழவழ தாள எடுங்க. 15 சென்டிமீட்டர் சதுரம், ரெண்டு பக்கமும் மெழுகுவத்திய அழுத்தித் தேய்ங்க, தண்ணி உருண்டு ஓடிடும். இந்தத் தேய்க்கிற வேலை பிள்ளைங்களோடது, அதுக்கு அவ்ளோ குஷி. மூலைல இருந்து நடுவ பாத்து வெட்டுறது மூணுல ரெண்டு பங்கு தூரம் தான், நிறைய பேர் நடு வரைக்கும் வெட்டிட்டு கிழிஞ்சு போச்சும்பாங்க. ஒரு மூலை விட்டு ஒரு மூலை நடுவுக்கு மடிச்சு, குண்டூசிய பின்னாடி ரப்பர் வச்ச பென்சில்ல அந்த ரப்பருக்குள்ள இறக்குங்க, கூர் உள்ள போயிடும். இடையில ஒரு சின்ன பாசிமணி கோக்கணும், அது இல்லாட்டி பேப்பர் ரப்பர்ல ஒட்டிட்டு சுத்தாது. என் பொண்ணோடது முதல் நாள் அப்படித்தான் நின்னுச்சு, நான் என்னவோ காத்து மேல பழிய போட்டுட்டு இருந்தேன். பிடிக்கிறப்ப நீங்க பக்கத்துல இருங்க, சில வாண்டுங்க ஊசிய பிடுங்கிப் பாக்கும்.

உள்ள செய்ய ஒண்ணு: பேப்பர் ஸ்ட்ராவால ஊதி பெயிண்ட். தண்ணியா கரைச்ச பெயிண்ட் ஒரு சொட்டு விட்டு ஊதச் சொல்லுங்க, கிளை கிளையா பிரியும். மூணு வயசு ஊதாது, உறிஞ்சும். ஸ்ட்ராவோட மேல் பக்கம் ஒரு ஓட்டை போட்டுடுங்க, உறிஞ்சினாலும் காத்து தான் வரும், பெயிண்ட் ஏறாது.

கோத்தகிரி_ஆத்தா
எல்லாம் சரி கண்ணுகளா, வெளிய கூட்டிட்டுப் போறேன்னு சொல்றீங்களே, எந்த இடத்துல? எங்களுக்கு தொட்டபெட்டா குறுக்க நின்னு ஆடிக் காத்த கொஞ்சம் வாங்கிக்கும், எங்க மழை ஐப்பசில தான். மஞ்சூரு, கூடலூரு நேரா வாங்குற இடம். கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சில்வர் ஓக்கு கிட்டயெல்லாம் காத்து நாள்ல பிள்ளைய நிறுத்தாதீங்க, ஊறின மண்ணுல வேரோட சாயும். கனமா அடிக்கிற அன்னைக்கு ஜன்னல் போதும். சில்வர் ஓக் இலை மேல பச்சை, அடியில வெள்ளி, காத்து புரட்டுறப்ப மரமே பளபளன்னு நிறம் மாறும், எங்க பேத்தி அதுக்கு "மரம் கண்ண சிமிட்டுது"ம்பா. அத பாக்க வைங்க, வரைய வைங்க.

குன்னூர்_அப்பா
ஆத்தா சொல்றது நூத்துக்கு நூறு. ஜன்னல்னதும் ஞாபகம் வந்துச்சு, காத்து எவ்ளோ பலமா அடிக்குதுன்னு சொல்ல பியூபோர்ட் அளவுகோல்னு ஒண்ணு இருக்கு, 1805ல ஒரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி கப்பலுக்காக போட்டது, பின்னாடி தரைக்கும் அடையாளம் சேத்தாங்க. புகை நேரா மேல போனா 0, இலை சலசலத்தா 2, சின்னக் கிளை ஆடினா 4. அப்புறம் 6 என்ன தெரியுமா, குடை பிடிக்க கஷ்டப்படுறது, மணிக்கு சுமார் 40 கிலோமீட்டருக்கு மேல. நாலு படம் வரைஞ்சு சுவத்துல ஒட்டி தினம் காலைல எதுன்னு கை வைக்கச் சொல்லுங்க. கூடலூர் அக்கா வீட்டு கதவுக்குப் பின்னாடி இருக்கிற நாலும் 6 தாண்டினது!

கூடலூர்_அம்மா
😂 அதுல ஒண்ணு போன வாரம் தான் வாங்கினது தம்பி. மிஸ், ஈரம் இருக்கிற நாள்ல சோப்பு முட்டை விடுங்க, திண்ணைல, காத்து நேரா அடிக்காத பக்கமா. காத்து ஈரமா இருந்தா முட்டை சீக்கிரம் காயாது, நிறைய நேரம் நிக்கும். பாத்திரம் கழுவுற லிக்விட், தண்ணி, ஒரு ஸ்பூன் சர்க்கரை. தரை வழுக்கும், சாக்கு விரிச்சுக்கோங்க.

மஞ்சூர்_மிஸ்
வாரம் முடிஞ்சுது, சொல்லிட்டுப் போறேன். மெழுகு காத்தாடி வராண்டால நல்லா சுத்துச்சு, குண்டூசி 14 போட்டது 14 திரும்ப எண்ணி வாங்கிட்டேன். வியாழக்கிழமை காத்து 6 தான், யாரையும் வெளிய விடல, ஜன்னல்ல மூக்க ஒட்டிட்டு நின்னுச்சுங்க. குடைக்கு அப்பா அம்மாங்ககிட்ட ரெண்டு தான் கேட்டேன், 11 வந்துச்சு. ஒண்ணு பாத்தா நல்லா இருந்துச்சு, கம்பி ஒண்ணு லேசா வளைஞ்சிருக்குன்னு நெனச்சு அதையும் பிரிச்சுட்டேன். மறுநாள் ஒரு பையனோட தாத்தா நனைஞ்சுட்டே வந்து "மிஸ், எங்குடைய இவன் எடுத்துட்டு வந்துட்டானாம்"ங்குறாரு. அது எட்டு துண்டா எட்டு வளையல்ல தொங்கிட்டு இருக்கு. என் குடைய குடுத்து அனுப்பிட்டு நான் துப்பட்டாவ தலைல போட்டுட்டு வீட்டுக்குப் போனேன்.