மலைப் பாதையில் எதிர்ப்பட்டவர்கள்: ஓட்டக்காரர்களின் அனுபவப் பகிர்வு

லபுக்கலை இறக்கம்:

மரதனுக்கு எப்படிப் பயிற்சி செய்வது என்று யாரைக் கேட்டாலும் ஓர் அட்டவணையை நீட்டுகிறார்கள். இந்தக் கிழமை இத்தனை கிலோமீற்றர், அடுத்த கிழமை கொஞ்சம் கூட, அதற்கடுத்த கிழமை ஓய்வு. அது எந்த ஊருக்கும் பொருந்தும். மலையகத்தில் ஓடுகிறவருக்குப் பாதிப் பாடம் வழியில் எதிர்ப்படுகிறவர்களிடம்தான் கிடைக்கிறது. யாரைச் சந்தித்தீர்கள், அதில் ஓட்டத்துக்கு ஏதாவது தேறியதா என்று எழுதுங்கள். நான் தொடங்கிவைக்கிறேன்.

கொழும்புப் போட்டிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். ஞாயிறு காலையில் நுவரெலியாவிலிருந்து லபுக்கலையைத் தாண்டி இறம்பொடைப் பக்கமாக இறங்குவது, பிறகு பஸ் பிடித்து மேலே வருவது. ஏற்றத்தில் எனக்குப் பயமில்லை, மூச்சு வாங்கினால் நடந்துவிடலாம். இறக்கம்தான் கொல்லும். மறுநாள் பாடசாலைப் படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டாக இறங்குவேன். பிள்ளைகள் சிரிப்பார்கள்.

ஒரு வளைவில் கரட், லீக்ஸ், பூக்கட்டு எல்லாம் அடுக்கி வைத்திருந்த சிறு கடை. கடைக்காரர் நான் வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்தில் வந்ததும், “தம்பி, நீங்கள் ஓடவில்லை. பிரேக் பிடித்துக்கொண்டு வருகிறீர்கள். சத்தம் இங்கே வரைக்கும் கேட்கிறது” என்றார்.

நின்று பேசினேன். சின்ன வயதில் இதே பாதையில் பூ விற்றவராம். அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரியும். ஒரு வளைவில் பையன் பூக்கட்டைக் காட்டுவான். வண்டி நிற்காமல் போய்விடும். அடுத்த வளைவுக்கு வண்டி சுற்றி வருவதற்குள் அவன் தேயிலைக்கு நடுவே குறுக்குப் பாதையில் இறங்கி அங்கே நிற்பான். அதற்கடுத்த வளைவிலும் அவனே. “கடைசியில் வாங்கிவிடுவார்கள். பூவுக்காக இல்லை, ஓடி வந்ததற்காக” என்றார்.

கடையை விட்டு இறங்கி, இறப்பர் செருப்போடு பத்துப் பதினைந்து அடி ஓடிக் காட்டினார். குதிகால் முன்னே போய்க் குத்தவேயில்லை. பாதம் இடுப்புக்கு நேர் கீழே விழுந்தது. ஒவ்வோர் எட்டும் சின்னது, ஆனால் வேகவேகமாக. முழங்கால் ஒரு தடவைகூட நேராக நிமிரவில்லை. இரண்டு கைகளும் உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி, சமநிலைக்காக ஆடின. பார்வை காலில் இல்லை, நாலைந்து எட்டுக்கு அப்பால் இருந்தது. “காலைப் பார்த்தால் விழுவீர்கள். கல் இருக்கிற இடத்தைக் கண் முன்னமே பார்த்துவிட வேண்டும்.”

இதைத்தான் பயிற்சிப் புத்தகங்கள் வேறு விதமாகச் சொல்கின்றன. ஏறும்போது தொடையின் முன்தசை சுருங்கி வேலை செய்கிறது. இறங்கும்போது அதே தசை இழுபட்டுக்கொண்டே பாரத்தைத் தாங்க வேண்டும். தசைநாரில் நுண்ணிய சேதம் அதனால்தான் ஏற்படுகிறது. வலி அன்றைக்குத் தெரியாது. ஒன்றிரண்டு நாள் கழித்து உச்சத்துக்கு வரும். ஆனால் ஒருமுறை அளவாக இறங்கிப் பழகிய தசை, அடுத்த சில கிழமைகளுக்கு அதே இறக்கத்தை நன்றாகத் தாங்கும். ஆகவே நீண்ட இறக்கத்தைப் பயிற்சியில் சேருங்கள், போட்டிக்கு முந்திய இரண்டு கிழமைகளில் மட்டும் தொடாதீர்கள்.

பூக்காரப் பையன்களைப் பற்றி “என்ன திறமை” என்று வியந்து எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். பாடசாலை நேரத்தில் அந்தப் பையன் ஏன் ரோட்டில் நின்றான் என்று அவர்கள் கேட்பதில்லை. “உங்கள் மகன் இப்படி ஓடுவானா?” என்று அந்த அண்ணனைக் கேட்டேன். “விளையாட்டுப் போட்டியில் ஓடட்டும். பஸ்ஸுக்குப் பின்னால் ஓட விடமாட்டேன்” என்றார்.

கரத்தை ரோட்டு டீச்சர்:

தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு எதிர்ப்பட்டவர்கள் கற்றுத் தரவில்லை, பதறினார்கள்.

விடிவதற்கு முன் ஒருவர் தோட்டப் பாதையில் ஓடினால் அதற்கு ஒரே பொருள்தான்: யாரோ வீட்டில் சாவு, இல்லாவிட்டால் பிரசவ வலி. நான் ஓடத் தொடங்கிய முதல் கிழமை, தொழிலாளர் வரிசை வீடான லயத்து வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த பாட்டி ஒருவர் வாளியைப் போட்டுவிட்டு எழுந்துவிட்டார். “என்ன மகள், யாருக்கு என்ன?” ஒருவருக்கும் ஒன்றுமில்லை, சும்மா ஓடுகிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. பொழுது விடிந்ததும் என் வீட்டுக்கே வந்து அம்மாவிடம் கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது, பறித்த கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவம். தராசுக்குப் பக்கத்தில் நின்ற அக்காமாருக்கு நான் எதற்கு ஓடுகிறேன் என்று அறியாமல் இருக்க முடியவில்லை. கொழும்பில் போட்டி இருக்கிறது என்றேன். “ஓடினால் காசு தருவார்களா?” இல்லை, நாம்தான் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும். அவ்வளவுதான், மடுவமே சிரித்தது. காலையிலிருந்து செங்குத்தான மலையில் நின்று கொழுந்து பறித்து, நிறையச் சுமையோடு இறங்கி வந்தவர்கள் அவர்கள். காசு கட்டி மலை ஏறுகிற ஒருத்தியைப் பார்த்து வேறு என்ன செய்வார்கள்? எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த மண்ணிலிருந்துதான் வேலு கிருஷாந்தினி மரதன் ஓடினார். ஹட்டன் பக்கத்துக் குமார் சண்முகேஸ்வரன் 5,000, 10,000 மீற்றர் ஓட்டங்களில் நாட்டுக்காக ஓடினார். பெயர்களைச் சொன்னதும் மடுவத்தில் சிரிப்பு நின்றது. “அந்தப் பிள்ளை நம் பக்கம்தானே” என்றார் ஒருவர். இப்போது என்னோடு மாணவிகள் சிலர் ஓடுகிறார்கள். கூட்டமாக ஓடினால் சாவு வீட்டுச் சந்தேகம் வருவதில்லை. தனியாக ஓடும் பெண்ணுக்கு ஆட்டோக்களிலிருந்து வரும் பேச்சும் குறைந்துவிட்டது. அதைப் பற்றி இன்னும் எழுதலாம், ஆனால் எழுதி எழுதி அலுத்துவிட்டது.

நாய்க்குப் பயந்தவன்:

சுருக்கமாக. ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலைப் பக்கத்து நாய்கள். ஓட்டத்தை நிறுத்துங்கள், முதுகைக் காட்டாதீர்கள், கல் எடுப்பதுபோலக் குனியுங்கள். நம் ஊர் நாய்கள் அந்தக் குனிவை நன்றாக அறியும். கடித்துவிட்டால் வீராப்பு வேண்டாம்: ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு நேரே அரசாங்க வைத்தியசாலைக்குப் போங்கள். விசர் நாய்க்கடி ஊசி அங்கே இலவசம்.

வெல்லவாய வெயில்:

நான் பண்டாரவளை. இங்கே ஓடினால் வியர்ப்பதே அபூர்வம். அதே தெம்பில் கொழும்புக்குப் போனேன். பாதித் தூரம் வரைக்கும் பறந்தேன் என்றே சொல்லலாம். பிறகு கால் இருந்தது, உடம்பு இல்லை. சாலையோரத்தில் நடந்துகொண்டிருந்தபோது, மெதுவாக ஓடிவந்த ஒருவர் என் பக்கத்தில் வேகத்தைக் குறைத்தார். மட்டக்களப்புக்காரர், என் அப்பா வயது இருக்கும்.

“மலையிலிருந்தா வந்தீர்கள்?” என்று கேட்டார்.

எப்படித் தெரியும் என்றேன். “முகம் செக்கச் செவேல் என்று இருக்கிறது, மேல் சட்டை நனைந்து வழிகிறது. எங்களுக்குக் காலை ஏழு மணிக்கே இந்த வெயில்தான்.” தண்ணீர் மேசையில் இரண்டு கோப்பை எடுத்து ஒன்றைக் குடிக்கச் சொன்னார், மற்றதை என் பிடரியில் ஊற்றினார். “வேகத்தை மறந்துவிடுங்கள். மூச்சு எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுக்கு ஓடுங்கள்” என்று சொல்லிவிட்டு முன்னே போய்விட்டார். பெயர்கூடக் கேட்கவில்லை.

அவர் சொன்னதன் காரணத்தைப் பிறகுதான் தேடிப் படித்தேன். வெயிலுக்குப் பழகாத உடம்பு, தோலைக் குளிர்விக்க இரத்தத்தைத் தோல் பக்கம் அனுப்புகிறது. தசைக்குப் போவது குறைகிறது, இதயம் அதே வேகத்துக்குக் கூடுதலாக அடிக்கிறது. பழகுவதற்கு ஒன்று முதல் இரண்டு கிழமை பிடிக்கும். பழகிவிட்டால் வியர்வை சீக்கிரம் வரும், அதில் உப்பும் குறைவாகப் போகும். கரையோரத்தில் காற்றிலும் ஈரம் என்பதால் வியர்வை ஆறாமல் வழிந்தே போகிறது. வழிகிற வியர்வை குளிர்விக்காது.

ஆகவே இப்போது போட்டிக்கு முந்திய கிழமைகளில் காலை பஸ்ஸில் வெல்லவாயவுக்கு இறங்கிவிடுகிறேன். எல்ல மலை இடைவெளியைக் கடந்தால் ஒரு மணி நேரத்துக்குள் வேறு நாடு. அங்கே தட்டையான ரோட்டில் வெயிலில் ஓடுகிறேன். போக முடியாத நாட்களில் ஊரிலேயே ஸ்வெட்டரின் மேல் ஸ்வெட்டர் போட்டு ஓடுவேன். பார்க்கிறவர்கள் காய்ச்சல் என்று நினைக்கிறார்கள், நினைக்கட்டும். ஆனால் தலை சுற்றினால் உடனே நிறுத்த வேண்டும், துணைக்கு ஒருவர் இருக்க வேண்டும்.

குடிப்பது பற்றியும் ஒன்று. தாகம் என்று வெறும் தண்ணீரை அளவில்லாமல் குடித்தால் இரத்தத்தில் உப்பு இறங்கி ஆபத்தாகலாம். செவ்விளநீர் நல்லது, ஆனால் அதில் இருப்பது பெரும்பாலும் பொட்டாசியம், சோடியம் கொஞ்சம்தான். நான் ஜீவனி என்ற உப்புக்கரைசல் தூள் பக்கெட் ஒன்றைக் கரைத்து வைத்துக்கொள்கிறேன். இராவணன் எல்லை நீர்வீழ்ச்சிப் பக்கம் ஓடும்போது பேரீச்சம்பழத்தை மட்டும் கையில் வைத்திருக்காதீர்கள். குரங்குகளுக்கு நீங்கள் எத்தனையாவது கிலோமீற்றரில் இருக்கிறீர்கள் என்ற கவலை இல்லை.

லபுக்கலை இறக்கம்:

இதைப் படித்ததும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடலாம். “நாங்கள் உயரத்தில் வாழ்கிறோம், எங்கள் இரத்தம் கென்யாக்காரர் இரத்தம்” என்று நம் பையன்கள் பலர் சொல்கிறார்கள். நுவரெலியா நகரம் ஏறத்தாழ 1,868 மீற்றர். அங்கே காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, உண்மைதான். ஆனால் கென்யாவில் ஓட்டக்காரர்கள் பயிற்சி செய்யும் இட்டேன் சுமார் 2,400 மீற்றர். இரத்தச் சிவப்பணு கூடுகிற அளவுக்கு உயரம் வேலை செய்வது பொதுவாக 2,000 மீற்றருக்கு மேலேதான். பண்டாரவளை 1,200 சொச்சம். அங்கே உங்களுக்குக் கிடைப்பது ஏற்றமும் நல்ல குளிரும்தான். அதுவே பெரிய கொடை, ஆனால் வெயில் நாளில் அது கைகொடுக்காது.

ஏழாம் நம்பர் மலை:

பஸ்ஸையும் குளவியையும் யாரும் சொல்லவில்லையே!

வாகனத்துக்கு எதிர்ப்பக்கமாக, அதாவது வலப்பக்கமாக ஓட வேண்டும் என்பது சரி. ஆனால் ரோடு வலப்பக்கம் மடங்கும் குறுகிய வளைவில் நீங்கள் மலைச்சுவரோடு ஒட்டி மறைந்துவிடுவீர்கள். எதிரே வருகிற பஸ் சாரதிக்கு உங்களைக் காண ஒரு வினாடிகூடக் கிடைக்காது. அப்படிப்பட்ட வளைவுக்கு முன்பே வெளிப்பக்கத்துக்குக் கடந்துவிடுங்கள். இதை எனக்குச் சொன்னவர் ஹட்டன் பாதையில் பஸ் ஓட்டுகிறவர்தான். டிக்கெட் வாங்கி உட்கார்ந்த என்னை அடையாளம் கண்டு, எல்லோர் முன்னாலும் ஏசினார். ஏச்சு நியாயமானது.

குளவிக்கு எச்சரிக்கை கொடுத்தது கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர். நான் வழக்கமாகத் திரும்பும் மரத்தடிக்கு வரும்போது மேலே மலையிலிருந்து கத்தினார்: “தம்பி, அங்கே போகாதீர்கள், கூடு கலைந்திருக்கிறது!” நான் நின்றேன். கிளைக்குக் கீழே காற்றே கறுத்து அசைவதுபோல இருந்தது. அன்றைக்கு அந்த மலையில் வேலையையே நிறுத்திவிட்டார்கள். குளவிக்கொட்டு தோட்டத்தில் உயிரைக் கொண்டுபோகிற விஷயம். ஓடுகிறவர் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு போனால் அந்தச் சத்தம் கேட்காது. நான் தோட்டத்துக்குள் காதில் எதுவும் மாட்டுவதில்லை. கூடு கலைந்தால் கையால் விசிறாமல் முகத்தை மூடிக்கொண்டு ஓடுங்கள், அன்றைக்கு வேகப் பயிற்சி தானாக நடந்துவிடும்.

நல்லதண்ணி:

சிவனொளிபாத மலையில் பயிற்சி செய்யலாமா என்று எப்போதும் கேட்கிறார்கள். செய்யலாம், ஆனால் எப்போது என்பதைப் பாருங்கள். மார்கழிப் போயாவிலிருந்து (பௌர்ணமியிலிருந்து) வைகாசி வெசாக் போயா வரைக்கும் யாத்திரைக் காலம். விடுமுறை இரவுகளில் படியில் கால் வைக்க இடமிருக்காது. கைக்குழந்தையோடு ஏறுகிறவர்களுக்கு நடுவே ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தாவி இறங்கியதைப் பார்த்தேன். வெள்ளை உடுத்த சிங்களப் பாட்டி ஒருவர் வழிவிட்டு ஒதுங்கி நின்று, அவருக்கும் யாத்திரிகர்கள் சொல்லும் “கருணாவய்” என்ற வாழ்த்தைச் சொன்னார். அவர் பதில் சொல்லாமல் போனார். பதில் சொல்ல மூச்சில்லாவிட்டால் அந்த வேகம் அந்த இடத்துக்கு உரியது இல்லை.

யாத்திரை இல்லாத மாதங்களில் விளக்கும் கிடையாது, வழிக்கடைகளும் கிடையாது, மழை வேறு. துணையும் டோர்ச்சும் இல்லாமல் போகாதீர்கள். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். ஏறுவதை நடையாக வையுங்கள், இறங்குவதை மேலே அந்தப் பூக்கடை அண்ணன் காட்டியபடி செய்யுங்கள். விடியலிலும் அந்தியிலும் சிறுத்தை நடமாடும் பக்கம் இது. 2020இல் ஒரு கருஞ்சிறுத்தை இங்கேதான் கண்ணியில் மாட்டி, பிறகு செத்தது. சிறுத்தையைவிடக் காட்டோரக் கண்ணிக் கம்பியைப் பார்த்து ஓடுங்கள், அது உங்கள் கணுக்காலையும் விடாது.

அட்டைக்கு உப்பா, சவர்க்காரமா என்ற சண்டையை மட்டும் இங்கே தொடங்க வேண்டாம். இரண்டையும் கட்டிக்கொண்டு போகிறேன், இரண்டையும் மீறிக் கடிக்கிறது.