மறு: டார்னிங்குக்குத் தமிழ்ச்சொல்: ஒன்று போதாது, மூன்று வேண்டும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> டார்னிங் = இழையோட்டல். எல்லாருக்கும் சம்மதம் என்றால் முடித்துக்கொள்ளலாம்.

முடிப்பதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். தேய்ந்த, ஓட்டை விழுந்த துணியை ஊசிநூலால் சரிசெய்யும் டார்னிங்குக்கு இழையோட்டல் காதுக்கு இனிய சொல்தான். ஆனால் கையால் பின்னிய கம்பளிக் காலுறை தேய்ந்துபோனால் செய்யும் வேலை ஒன்றல்ல. காலுறை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலையே மாறுகிறது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்துவிட்டால், புதிதாகக் கற்றுக்கொள்பவர் எதை எப்போது செய்வது என்று தெரியாமல் திண்டாடுவார்.

முதல் நிலை, ஓட்டை விழாத நிலை. காலுறை நூலில் பெரும்பாலும் 75 விழுக்காடு கம்பளி, 25 விழுக்காடு நைலான் இருக்கும். நடக்க நடக்கக் கம்பளி உதிர்ந்து, நைலான் மட்டும் வலை மாதிரி மிஞ்சும். குதிகாலுக்கு அடியிலும் விரல்களுக்குப் பின்னால் பாதம் ஊன்றும் இடத்திலும் இதைப் பார்க்கலாம். கையை உள்ளே விட்டு வெளிச்சத்தில் பிடித்தால் தோல் தெரியும். கண்ணிகள், அதாவது பின்னலின் வளையங்கள், மெலிந்திருக்கின்றன, அறுந்துவிடவில்லை. மொட்டை ஊசியில் புது நூலைக் கோத்து, பழைய கண்ணி போன பாதையிலேயே போகவேண்டும். கண்ணியின் அடியில் ஊசி மேலே வரும். மேல்வரிசைக் கண்ணியின் இரண்டு கால்களுக்கும் பின்னால் நுழைந்து வெளிவரும். புறப்பட்ட இடத்திலேயே மறுபடி இறங்கும். அவ்வளவுதான். முடிந்தபின் பார்த்தால் தைத்தது போலவே இருக்காது, பின்னியது போல இருக்கும்.

இதற்கு முன்மடல் ஒன்றில் 'இரட்டைக் கண்ணி' என்று வந்திருந்தது. டூப்ளிகேட் ஸ்டிச் என்பதன் நேர் பெயர்ப்பு. எனக்கு உடன்பாடில்லை. ஒரு கண்ணியிலிருந்து இரண்டு எடுத்து அகலப்படுத்தும் வேலையோடு இது குழம்பிவிடும். பழைய தடத்தைப் பிடித்துப் போவதால் தடத்தையல் என்கிறேன். 'குதியில் தடத்தையல் போட்டாயா?' என்று வாயாரக் கேட்க முடிகிறது.

இரண்டாம் நிலை, ஓட்டை விழுந்துவிட்டது. தடம் பிடிக்கக் கண்ணியே இல்லை. அடியில் காளான் வடிவ மரக்கட்டையையோ உருண்டையான வேறெதையோ வைத்து, ஓட்டைக்கு வெளியே இரண்டு வரிசை தள்ளி, உறுதியான கண்ணிகளிலிருந்து தொடங்கவேண்டும். முதலில் நெடுக்கு நூல்கள். திரும்பும் இடத்தில் நூலை இறுக்காமல் சின்ன வளைவு விடுவது முக்கியம்; துவைக்கும்போது கம்பளி சுருங்கினாலும் ஓரம் இழுபடாது. அப்புறம் குறுக்கே ஒன்று மேல், ஒன்று கீழ். முடிச்சு போடவே கூடாது, காலில் உறுத்தும். இது அச்சு அசலாக நெசவு. பாவு இருக்கிறது, ஊடை இருக்கிறது. இழையோட்டல் என்றால் ஒரு திசையில் ஓடும் நூல்தான் மனத்தில் வருகிறது, குறுக்கே வருவது விட்டுப்போகிறது. ஆகவே ஊடுபாவு. 'ஒட்டுப் போடுதல்' போல 'ஊடுபாவு போடுதல்'.

மூன்றாம் நிலையில் குதியே போய்விட்டது. வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பின்னவேண்டும். இதற்குத் தனிச்சொல் வேண்டாம், 'மறுபின்னல்' போதும்.

அன்புடன்,
இழையைத் தொடங்கியவன்

---

ஐயா, வணக்கம்.

தடத்தையல் என்ற சொல்லை இன்றிலிருந்தே பயன்படுத்தப் போகிறேன். ஊடுபாவு பற்றி, 'அது தறிக்காரர் சொல், பின்னலுக்குள் எதற்கு?' என்று எனக்குத் தனிமடலில் ஒருவர் கேட்டார். அதுவே அந்தச் சொல்லின் பலம் என்று நினைக்கிறேன். பின்னல் நீளும், நெசவு நீளாது. ஓட்டையை நெய்து மூடினால் அந்த இடம் மட்டும் விறைப்பாக நிற்கும். சிறிய ஓட்டைக்குச் சரி. குதி முழுக்கப் போட்டால் காலுறை காலில் ஏறவே அடம்பிடிக்கும். ஊடுபாவு என்று சொல்லும்போதே அந்த எச்சரிக்கையும் சேர்ந்து வந்துவிடுகிறது.

மறுபின்னல் என்பதோடு நிறுத்திக்கொண்டீர்களே, அங்கேதான் இன்னொரு சொல் தேவைப்படுகிறது. அடுத்து என்ன பின்னலாம் என்று யோசிப்பவர், பழைய காலுறை எங்கே தேய்ந்தது என்று முதலில் பார்க்கவேண்டும். விரல்முனை தேய்கிறதா? மேலிருந்து கீழாகப் பின்னுங்கள். பின்னல் கடைசியாக முடிந்த முனையிலிருந்துதான் லேசாகப் பிரியும். விரல்முனை கடைசியாக வந்தால் அதை மட்டும் பிரித்துவிட்டு மறுபடி பின்னலாம். எப்போதும் குதிதான் முதலில் போகிறதா? ஆஃப்டர்தாட் ஹீல் பின்னுங்கள். காலுறையைக் குழாய் போல ஒரே ஓட்டமாகப் பின்னி, குதி வரும் இடத்தில் பாதிக் கண்ணிகளை மட்டும் வேறு நிற நூலில் பின்னிவிட்டுப் போவது. 64 கண்ணி என்றால் 32. பிற்பாடு அந்த நூலை உருவினால் இரு பக்கமும் கண்ணிகள் கிடைக்கும், அவற்றில் குதி. தேய்ந்தால் அதை மட்டும் எடுத்துவிட்டு வேறு குதி.

'பின்யோசனைக் குதி' என்று யாரோ எழுதியிருந்தார்கள். பிறகு யோசித்துச் செய்ததா என்பது பின்னுபவருக்கு முக்கியமே இல்லை, மாற்றலாம் என்பதுதான் முக்கியம். மாற்றுக்குதி என்று வைக்கலாமா? மேற்பாதம் உயர்ந்தவர்களுக்கு இந்தக் குதி இறுக்கும் என்பதையும் விளக்கத்தில் சேர்க்கவேண்டும்.

இன்னொன்று: 100 கிராம் உருண்டையில் சுமார் 400 மீட்டர் நூல் வரும், ஒரு ஜோடிக்குப் போக மிஞ்சும். அந்த மிச்சத்தைக் காலுறையோடு சேர்த்தே பத்திரப்படுத்தச் சொல்லி எழுதுங்கள்.

---

அம்மா, மாற்றுக்குதி அருமை. 'மாற்றுவழி' என்பதுபோல வேறொரு வகைக் குதி என்று யாராவது படித்துவிடுவார்களோ என்று ஒரு நிமிடம் தயங்கினேன். 'மாற்றுத்துணி' நினைவுக்கு வந்ததும் தயக்கம் போய்விட்டது. அதே பொருள்தான்.

தடத்தையல், ஊடுபாவு, மாற்றுக்குதி என்ற மூன்று சொற்களையும் நீங்கள் சொன்ன இரண்டு குறிப்புகளோடு விக்சனரி என்ற இணைய அகராதிக்கு எழுதிவைக்கிறேன். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். விரல்முனையைத் தைத்த தடம் வெளியே தெரியாதபடி மூடும் வேலைக்கு இன்னும் சொல் இல்லை. ஆங்கிலத்தில் அது கிச்சனர் என்ற பிரிட்டிஷ் போர் அமைச்சரின் பெயரில் வழங்குவதால் பெயரைப் பார்த்து வேலை விளங்காது. எதிரெதிர்க் கண்ணிகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதால் 'கண்ணிக்கோவை' என்று ஒரு தொடக்கம் வைக்கிறேன். அதைத் தனி இழையில் பேசுவோம்.